புதையலும் புகைப்படமும்: துப்பறியும் கதைகள் விட்டுச்சென்ற கேள்வி

(நீண்ட பதிவு. களப்பணிக்குச் செல்லும் ஆய்வு மாணவர்கள் பொறுமையோடு இறுதிவரை படிக்க வேண்டுகிறேன்.)

விலைமதிப்பற்ற தொல்பொருள் ஒன்று களவு போகிறது. துப்பறிவாளர் வருகிறார். ஐயத்திற்குரியோர் ஒவ்வொருவராக விசாரிக்கப்படுகின்றனர். இறுதி இயலில் திருடனின் முகம் வெளிப்படுகிறது. இந்தச் சட்டகத்தில் எழுதப்பட்ட கதைகள் உலக மொழிகள் பலவற்றிலும் உண்டு. அவற்றுள் புகழ்பெற்றவை சிலவற்றில் களவுபோகும் பொருள் இந்தியாவைச் சேர்ந்ததாக இருக்கிறது. களவையும் துப்பறிதலையும் குறிக்கும் சொற்கள் இந்திய மொழிகளில் பொருள் மாறிவந்த விதம் பற்றிய என் ஆய்வுக்காக, இக்கதைகளைக் கடந்த ஓராண்டாக வரிசையாகப் படித்துவருகிறேன். படிக்கப் படிக்க ஒன்று உறுத்தியது. "எடுத்தவர் யார்?" என்று கதைகள் ஓயாமல் கேட்கின்றன. "பொருள் யாருடையது? அதை எதைக் கொண்டு மெய்ப்பிப்பது?" என்ற கேள்வியை அவை பெரும்பாலும் வாசலிலேயே நிறுத்திவிடுகின்றன. இந்தப் பதிவு அந்தக் கேள்வியைப் பற்றியது. என் சொந்தப் பிழை ஒன்றைப் பற்றியதும்கூட.

1

வில்கி காலின்ஸின் 'தி மூன்ஸ்டோன்' 1868இல் சார்லஸ் டிக்கன்ஸ் நடத்திய இதழில் தொடராக வெளிவந்தது. ஆங்கிலத் துப்பறியும் நாவலின் தொடக்கப் புள்ளிகளுள் ஒன்றாக அதைக் கருதுவது வழக்கம். இளம்பெண் ஒருத்தியின் பதினெட்டாம் பிறந்தநாளுக்கு அவளுடைய மாமன் உயில்வழி விட்டுச்சென்ற மஞ்சள் வைரம் வந்து சேர்கிறது. அன்றிரவே அது காணாமற்போகிறது. ஸ்காட்லாந்து யார்டின் கஃப் வந்து விசாரிக்கிறார். நாவலின் பெரும்பகுதி அந்த வீட்டுக் களவைச் சுற்றியே நகர்கிறது.

ஆனால் முதற்களவு நாவலின் முன்னுரைப் பகுதியிலேயே நிகழ்ந்து முடிந்துவிடுகிறது. இடம் சீரங்கப்பட்டணம், ஆண்டு 1799. திப்பு சுல்தானின் கோட்டை விழுந்த நாளன்று, காவலர் மூவரைக் கொன்று வைரத்தைக் கைப்பற்றுகிறான் அந்த மாமன். இதை எழுதிவைப்பவன் அவனுடைய ஒன்றுவிட்ட சகோதரன். இரத்தம் தோய்ந்த கத்தியைக் கண்டவன் அவன். ஆனால் கொலை நிகழ்ந்த கணத்தைக் காணவில்லை. ஆகவே பொதுவெளியில் குற்றஞ்சாட்டாமல், குடும்பத்தாருக்கு மட்டும் ஒரு தாளில் எழுதிவைக்கிறான். அத்தாள் அரை நூற்றாண்டுக் காலம் குடும்பத்திற்குள்ளேயே கிடக்கிறது. இடையில் உயில் ஒன்று எழுதப்படுகிறது. உயில் வந்ததும் கொள்ளைப்பொருள் குடும்பச் சொத்தாகிவிடுகிறது. இன்றைய கலைச்சந்தையில் ஒரு சிலையின் பழைய வரலாற்றை மறைத்துப் புதிய உரிமைப் பத்திரங்களை உருவாக்கும் வேலையும் ஏறத்தாழ இவ்வழியில்தான் நடக்கிறது.

காலின்ஸுக்கு நேர்மை உண்டு. நாவலின் முடிவில் வைரம் இங்கிலாந்துக்குத் திரும்புவதில்லை. கத்தியவாரில் சோமநாதபுரத்தின் அருகே, நிலாக் கடவுளின் நெற்றியில் மீண்டும் ஏறுகிறது. எனினும் அதைத் திரும்பக் கொண்டுவந்தது எந்த நீதிமன்றமும் அன்று. தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்து வந்த அந்தணர் மூவரின் பிடிவாதமே.

மொழியியல் மாணவன் என்ற முறையில் இவ்விடத்தில் ஒரு சொல்லைச் சுட்டியாக வேண்டும். 'லூட்' என்னும் ஆங்கிலச் சொல் இந்தியிலிருந்து சென்றது. 1886இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியில் அதற்குத் தனிப் பதிவே உண்டு. அதே சீரங்கப்பட்டணத்தில் 'பிரைஸ்' என்ற இன்னொரு சொல்லும் புழங்கியது. சிப்பாய் தன் விருப்பம்போல் எடுத்தால் அது 'லூட்'. அதற்குக் கசையடியும் தூக்கும் கிடைத்தன. படையால் நியமிக்கப்பட்ட குழு எடுத்துப் பதவிவாரியாகப் பங்கிட்டால் அது 'பிரைஸ்'. அதற்குக் கணக்கேடு உண்டு. இழந்தவர்களுக்கு இரண்டும் ஒன்றே. திப்புவின் அரியணை உடைக்கப்பட்டு, அதை அலங்கரித்த பொன் புலித்தலைகள் பல கைகளுக்குச் சிதறின. அவற்றுள் ஒன்று நாட்டைவிட்டு வெளியேறாதிருக்க 2021இல் பிரித்தானிய அரசு தற்காலிக ஏற்றுமதித் தடை விதித்தது. மதிப்பு 15 இலட்சம் பவுண்டு. தடைக்குக் காரணமாக அரசு சொன்னது, அப்பொருள் பிரித்தானியாவின் வரலாற்றோடு பிணைந்தது என்பது. அது பொய்யன்று, எப்படிப் பிணைந்தது என்பதைச் சொல்லும்போதுதான் சொல் தேவைப்படுகிறது, 'லூட்' என்பதா, 'பிரைஸ்' என்பதா என்று.

2

இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 1890இல், ஆர்தர் கோனன் டாயிலின் 'தி சைன் ஆஃப் ஃபோர்' வந்தது. இம்முறை வருபவர் கட்டணம் பெற்றுத் துப்பறியும் தனியார் துப்பறிவாளரான ஷெர்லாக் ஹோம்ஸ். புதையல், 1857 கிளர்ச்சியின்போது வடநாட்டு அரசர் ஒருவர் ஆக்ரா கோட்டைக்குப் பாதுகாப்புக்காக அனுப்பிய நகைப்பேழை. அதை எடுத்துவந்த வணிகர் கோட்டைக்குள்ளேயே கொல்லப்படுகிறார். பேழை பின்னர் அந்தமான் தண்டனைக் குடியிருப்பின் அதிகாரிகள் வழியாக இலண்டனை அடைகிறது. ஹோம்ஸ் எல்லா முடிச்சுகளையும் அவிழ்க்கிறார். ஆனால் நகைகள் தேம்ஸ் ஆற்றின் அடியில் போய்ச் சேர்கின்றன. புதையல் தொலைந்ததில் வாட்சனுக்கு மகிழ்ச்சியே. தான் விரும்பிய பெண் பெருஞ்செல்வந்தர் ஆகவில்லை, இனி தயக்கமின்றித் திருமணம் பேசலாம்.

இக்கதையை மூன்றாம் முறை படித்தபோது அந்த வணிகரைப் பற்றிக் குறிப்பெடுக்க முயன்றேன். அவர் பெயர் அக்மத் என்று கதை சொல்கிறது. அதற்கு மேல் அதிகம் இல்லை. நகைகளின் பட்டியலோ வைரம், மரகதம், மாணிக்கம் என எண்ணிக்கையோடு தரப்படுகிறது. பேழையின் உரிமையாளரான அரசரின் தரப்பிலிருந்து ஒருவரும் இலண்டனில் தோன்றுவதில்லை. பங்கு கேட்பவர்கள் எல்லாரும் திருடியவர்கள், அல்லது திருடியவர்களின் வாரிசுகள். அவர்களுக்குள் எவருக்கு எவ்வளவு என்பதே வழக்கு.

3

துப்பறிவாளரை வங்காளி 'கோயெந்தா' என்கிறது. பாரசீகத்தில் அதன் மூலச்சொல்லுக்குச் 'சொல்பவன்' என்று பொருள்; செய்தி கொண்டுவந்து சொல்லும் ஒற்றன் என்ற பொருளுக்கு நகர்ந்து, பின் துப்பறிவாளன் ஆயிற்று. இந்தியின் 'ஜாசூஸ்' அரபியிலிருந்து வந்தது; தொட்டுத் தடவி ஆராய்தல் என்னும் வேர்ப்பொருள் உடையது. 1900இல் கோபால்ராம் கஹ்மரி அதே பெயரில் இந்தி இதழொன்றைத் தொடங்கினார். நம் 'துப்பு' அறியப்படும் தடயத்தை முன்னிறுத்துகிறது. ஒரே தொழிலை மூன்று மொழிகள் மூன்று கோணங்களில் பிடித்திருக்கின்றன: சொல்பவர், தொட்டறிபவர், தடம் அறிபவர். வங்காளியின் 'சொல்பவர்' என்ற பழம்பொருளை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், இறுதியில் தேவைப்படும்.

சத்யஜித் ராய் 1965இல் 'சந்தேஷ்' இதழில் ஃபெலுதாவை அறிமுகப்படுத்தினார். 1970களின் முற்பகுதியில் அவர் எழுதிய 'கைலாஸே கேலெங்காரி' நம் சட்டகத்தைத் தலைகீழாக்கியது. புவனேசுவரத்து ராஜாராணி கோயிலிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்ட யட்சியின் தலை ஒன்று வெளிநாட்டவருக்கு விற்கப்படுகிறது. வாங்கியவர் பயணம் செய்த விமானம் விழுந்து நொறுங்குகிறது. தலையின் தடத்தைப் பின்பற்றும் ஃபெலுதா எல்லோராவின் 16ஆம் குகையான கைலாசநாதர் கோயில் வரை செல்கிறார்.

இக்கதையில் பணம் கொடுத்து அமர்த்தும் செல்வந்தர் இல்லை. வழக்கைக் கொண்டுவருபவர் சித்து ஜ்யாத்தா என்னும் முதியவர். செய்தித்தாள் நறுக்குகளைச் சேர்த்து, படித்தவற்றையெல்லாம் நினைவில் தேக்கி வைத்திருப்பவர். கோயிலின் கல் களவு போகிறதே என்ற பதைப்புடன் அவர் வந்து நிற்கிறார். பொருள் எங்கிருந்து வந்தது என்பது கதையின் முதற்பக்கங்களிலேயே தெரிந்துவிடுகிறது. சித்து ஜ்யாத்தா போன்றோர் பார்த்தும் படித்தும் வைத்திருப்பதால் அது தெரிகிறது. ஹோம்ஸின் உலகில் பொருள் கைமாறிய வழி தெரியும், உரியவர் குரல் கேட்காது. ஃபெலுதாவின் உலகில் உரிய இடத்திலிருந்துதான் தேடலே தொடங்குகிறது.

ராய் இதை எழுதிய காலம் தற்செயலானதன்று. கலாசாரச் சொத்துகளின் கள்ளக்கடத்தலைத் தடுக்கும் யுனெஸ்கோ உடன்படிக்கை 1970இல் உருவாயிற்று. நூறாண்டு கடந்த சிற்பங்களையும் ஓவியங்களையும் தனியார் ஏற்றுமதி செய்வதைத் தடைசெய்த தொல்பொருள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டம் 1972இல் இயற்றப்பட்டு 1976இல் நடைமுறைக்கு வந்தது. 1977இல் இந்தியா யுனெஸ்கோ உடன்படிக்கையை ஏற்றுறுதி செய்தது. சட்டம் எழுதிக்கொண்டிருந்த நாட்களிலேயே கோயில்களிலிருந்து தலைகள் பெயர்க்கப்பட்டுக்கொண்டிருந்தன.

4

கதைகளை விட்டு நிகழ்ந்தவற்றுக்கு வருவோம். நான்கு வழக்குகளை ஒப்பிடுகிறேன்.

முதலாவது, நாலந்தா. 1961இல் இந்தியத் தொல்லியல் துறையின் நாலந்தா அருங்காட்சியகத்திலிருந்து 14 வெண்கலச் சிலைகள் களவு போயின. 57 ஆண்டுகளுக்குப் பின், 2018 மார்ச்சில், நெதர்லாந்தின் மாஸ்டிரிக்ட் கலைக்கண்காட்சியில் விற்பனைக்கு நின்றிருந்த 12ஆம் நூற்றாண்டுப் புத்தர் சிலையொன்று அவற்றுள் ஒன்று என அடையாளம் காணப்பட்டது. கண்டவர்கள் காவல்துறையினர் அல்லர். களவுபோன கலைப்பொருள்களைத் தேடும் தன்னார்வலர்களும் ஆய்வாளர்களும். அவர்களுள் ஒருவர் 'இந்தியா பிரைட் புராஜெக்ட்' அமைப்பைச் சேர்ந்த எஸ். விஜயகுமார். மெழுகு வார்ப்பு முறையில் ஒவ்வொரு சிலைக்கும் ஓர் அச்சு மட்டுமே உண்டு. சிலையை வெளியே எடுக்க அச்சை உடைத்தாக வேண்டும். எனவே எந்த இரு சிலைகளும் அச்சொத்தவையாக அமைவதில்லை. பழைய புகைப்படமும் கண்முன் நிற்கும் சிலையும் நுணுக்கமாகப் பொருந்தினால் அதற்கு மேல் வாதம் இல்லை. அவ்வாண்டு ஆகஸ்ட் 15 அன்று இலண்டனில் இந்தியத் தூதரகத்திடம் சிலை ஒப்படைக்கப்பட்டது. கண்டுபிடிப்புக்கும் மீட்புக்கும் இடையே ஐந்து மாதம்.

இரண்டாவது, உத்தரப் பிரதேசத்தின் பாந்தா வட்டாரத்திலுள்ள லோக்கரி. விலங்குமுகம் கொண்ட யோகினிச் சிற்பங்கள் அங்கு இருந்தன. 1980களில் அவற்றுள் சில மறைந்தன. எருமைமுக யோகினி பாரிசிலிருந்து 2013இல் தில்லி தேசிய அருங்காட்சியகத்திற்குத் திரும்பியது. ஆட்டுமுக யோகினி இங்கிலாந்தில் ஒரு வீட்டுத் தோட்டத்தில் நின்றிருந்தது. 2021 அக்டோபரில் தகவல் வந்தது. 2022 ஜனவரி 14 அன்று சிலை ஒப்படைக்கப்பட்டது. மூன்றே மாதம். இது எப்படி இயன்றது? வித்யா தெஹேஜியா யோகினி வழிபாட்டைப் பற்றி ஆராய்ந்து 1986இல் வெளியிட்ட நூலில் லோக்கரிச் சிற்பங்கள் பதிவாகியிருந்தன. அவர் திருடனைத் தேடிப் போனவர் அல்லர். கண்டதைக் கண்டபடி பதிந்தவர்.

மூன்றாவது, தஞ்சை மாவட்டத்துப் பத்தூர் நடராசர். 1976இல் மண்ணுக்கடியிலிருந்து வெளிப்பட்டு, கள்ளச்சந்தை வழியாக இலண்டன் சென்று, 1982இல் கனடா நாட்டு நிறுவனமொன்றால் வாங்கப்பட்டது. புதைந்து கிடந்த சிலை ஆதலால் அதற்குப் பழைய புகைப்படம் ஏதும் இல்லை. காவல்துறை கைப்பற்றியபின் நிபுணர்கள் சாட்சியம் சொல்லி, வழக்கு நடந்து, 1988இல் தீர்ப்பு வந்து, 1991இல் மேல்முறையீடும் முடிந்த பிறகே சிலை மீண்டது. ஒன்பது ஆண்டுகள். இடிந்துகிடந்த கோயிலையே வழக்காடும் உரிமையுள்ள சட்ட ஆளாக ஆங்கில நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது இவ்வழக்கின் பெருமை. ஆக்ரா பேழைக்கு உரியவரின் குரல் இலண்டனில் ஒலிக்கவில்லை; நூறாண்டு கழித்து ஒரு சிற்றூர்க் கோயிலின் குரல் ஒலித்தது.

நான்காவது வழக்கு என் வாதத்திற்கு எதிரானது. அதை மறைப்பது முறையாகாது. சிவபுரம் நடராசர் 1950களில் பழுதுபார்க்க அனுப்பப்பட்டபோது, திரும்பி வந்தது போலிச்சிலை. பிரித்தானிய அருங்காட்சியகத்தின் டக்ளஸ் பாரெட் 1965இல் தம் நூலிலேயே இதை எழுதிவிட்டார். அதன் பின்னும் அமெரிக்காவின் நார்டன் சைமன் அச்சிலையை வாங்கினார். 1976இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி பத்தாண்டு தம்மிடம் வைத்திருந்து, 1986இல்தான் திருப்பித் தந்தார். ஆகவே ஆவணம் இருந்தால் எல்லாம் உடனே நடந்துவிடும் என்று சொல்வதற்கில்லை. பணமும் வழக்குரைஞர்களும் ஆவணத்தை நெடுநாள் காக்கவைக்க முடியும். ஆனால் அந்த உடன்பாட்டுக்கே அமெரிக்கத் தரப்பை இழுத்துவந்தது ஆவணம்தான்.

5

இனி என் பிழை. முதுகலை இரண்டாம் ஆண்டில், பந்தேலி மொழியின் வட்டார வழக்கொன்றைப் பதிவுசெய்யப் பந்தேல்கண்டின் ஒரு சிற்றூரில் ஆறு வாரம் தங்கினேன். ஊர்ப்பெயரைத் தவிர்க்கிறேன், காரணம் பின்னால் விளங்கும். அரசமரத்தடி மேடையில் செந்தூரம் பூசிய பெண்தெய்வக் கல் ஒன்று இருந்தது. ஊரார் 'மாயி' என்றனர். அம்மா என்று பொருள். பெரும்பாலான ஒலிப்பதிவுகளை அம்மேடையில் அமர்ந்துதான் செய்தேன். முப்பத்தொரு மணிநேர ஒலி. முதிய பெண்மணி ஒருவர் எனக்கு முதன்மைத் தகவலாளர். என்னைத் தம் பேரன்களுள் ஒருவனாகவே நடத்தினார்.

இரண்டாண்டு கழித்து நன்றி சொல்லச் சென்றபோது மேடை வெறுமையாக இருந்தது. மழைக்கால இரவொன்றில் எடுத்துச் சென்றுவிட்டார்கள் என்றனர். அந்தப் பெண்மணி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "பேட்டா, அன்றைக்குப் படமெல்லாம் எடுத்தாயே, அதில் மாயி இருக்கிறாளா?"

அன்றிரவு கணினியில் எல்லாவற்றையும் தேடினேன். ஒலிப்பதிவுக் கருவியின் படம் இருந்தது. தகவலாளர்களின் படங்கள் இருந்தன. ஒரே ஒரு படத்தின் ஓரத்தில், மங்கலாக, செந்தூரம் படிந்த ஒரு தோள் மட்டும் இருந்தது. ஆறு வாரம் அவள் நிழலில் அமர்ந்திருந்த நான் அவளை ஒருமுறைகூட நேராகப் படமெடுக்கவில்லை. என் துறை மொழியியல். சிலை என் தரவு அன்று என்று எண்ணியிருந்தேன். ஊரார் கொடுத்திருந்த புகாரின் நகலைக் காட்டினார்கள். களவுபோன பொருளின் விவரம் என்ற இடத்தில் 'பழைய கல் ஒன்று, சிவப்பு நிறம்' என்று எழுதியிருந்தது. அந்த விவரத்தைக் கொண்டு உலகின் எந்த ஏலக்கூடத்தில் எந்தச் சிலையை நாம் நம்முடையது என்று சொல்ல முடியும்?

பின்னர் என் ஆய்வேட்டைப் புரட்டியபோது, உடைமை வேற்றுமைக்கு நான் தந்திருந்த எடுத்துக்காட்டுத் தொடர் ஒன்று கண்ணில் பட்டது. மாயியின் இடக்கை மணிக்கட்டோடு உடைந்திருக்கிறது என்பது அதன் பொருள். இன்னொரு தொடர், அவள் காலடியில் பறவை ஒன்று இருப்பதைச் சொன்னது. சுட்டுப்பெயர்களுக்கும் வேற்றுமை உருபுகளுக்கும் எடுத்துக்காட்டுகளைக் கேட்டபோது, எதிரே இருந்த தெய்வத்தைக் காட்டியே அந்தப் பெண்மணி தொடர்களை அமைத்திருக்கிறார். ஒலிப்பதிவுகளை மீண்டும் கேட்டு, இத்தகைய ஒன்பது விவரங்களைத் தொகுத்து, மங்கலான படத்தையும் இணைத்து, ஊரார் கையொப்பத்தோடு கூடுதல் மனுவாகக் கொடுத்தோம். சிலை இன்னும் கிடைக்கவில்லை. கிடைத்தால் அடையாளம் சொல்ல இப்போது ஏதோ கொஞ்சம் இருக்கிறது. கோயெந்தா என்றால் சொல்பவர் என்று மேலே எழுதினேன். இந்த வழக்கில் சொன்னவர் அந்தப் பெண்மணி. நான் கேட்டும் கேளாதவன்.

6

2013ஆம் ஆண்டின் தலைமைக் கணக்குத் தணிக்கை அறிக்கை, நேரில் ஆய்வுசெய்த 1,655 நினைவுச்சின்னங்களில் 92 இருக்குமிடமே தெரியவில்லை என்றது. மத்தியப் பாதுகாப்பிலுள்ள இடங்களிலிருந்து விடுதலைக்குப் பின் 486 தொல்பொருள்கள் காணாமற்போனதாக 2023இல் நாடாளுமன்றக் குழுவின் அறிக்கை குறிப்பிட்டது. இவையெல்லாம் பட்டியலில் இருந்ததால் எண்ண முடிந்தவை. அரசமரத்தடி மாயி எந்தப் பட்டியலிலும் இல்லை. ஆகவே அவள் காணாமற்போனதும் எந்த எண்ணிலும் சேராது.

மானுடவியல், மொழியியல், நாட்டாரியல், வேளாண்மை என எத்துறை மாணவராயினும், களத்திற்குச் செல்வோரிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் அமரும் மேடையில் சிலை இருந்தால், ஊராரின் இசைவு பெற்று அரைமணி நேரம் ஒதுக்குங்கள். நான்கு பக்கமும் படமெடுங்கள். பக்கத்தில் ஓர் அளவுகோலை வையுங்கள். உயரம், அகலம், கல்லா உலோகமா, எங்கெங்கே உடைந்திருக்கிறது என்று எழுதுங்கள். களவை அடையாளம் காட்டுவது பெரும்பாலும் சிலையின் அழகன்று, அதன் ஊனமே. தேதியிடுங்கள். ஒரு படியை ஊராரிடம் கொடுங்கள். 1997இல் உருவாக்கப்பட்டு இன்று பன்னாட்டு அருங்காட்சியகக் கழகம் பேணிவரும் 'ஆப்ஜெக்ட் ஐடி' என்னும் எளிய படிவம் இதற்கெனவே உள்ளது. சமூக ஊடகத்தில் இடத்தோடு பகிராதீர்கள். வாசிப்பவர்களுள் வாங்குபவர்களும் இருப்பார்கள். நான் ஊர்ப்பெயரைத் தவிர்த்ததும் அதனால்தான். அவ்வூரில் இன்னும் இரண்டு கற்கள் இருக்கின்றன. சென்ற முறை போனபோது அவ்விரண்டையும் படமெடுத்து, அளந்து, எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

உங்கள் களப்பணிக் கோப்புகளில் பழைய படங்கள் இருக்குமாயின் இன்றே ஒருமுறை திறந்து பாருங்கள். பின்னணியில் மங்கலாக நிற்பது எது என்று உற்றுப் பாருங்கள். எவருக்கோ அது தேவைப்படலாம்.